வங்கி வாசலில் ஒரு சாவு

எமிலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உருக்கு ஆலையில் காலமெல்லாம் இரும்பு தூக்கிய இடுப்பு, இன்று மடக்கு நாற்காலிகளிடம் தோற்றுவிட்டது. மூடிக்கிடந்த பழைய வங்கிக்கு முன்னால், ரோட்டோரம் கார் நிறுத்தும் இடம் முழுக்க நாற்காலிகளை விரித்துப்போட்டுவிட்டு நிமிர முடியாமல் நின்றான்.

"பிரமாதம் எமில்!" என்றாள் ப்ரூக். கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இந்த ஊருக்கு நகராட்சி மேலாளர் ஆனவள். "மாடியில குடியிருக்கிறவங்க, கடைக்காரங்க, சர்ச்சுக்காரங்க, மூணு பேருக்கும் பொதுவா ஒரு இடம். வெள்ளிக்கிழமை மாநில அதிகாரி வர்றார். நாற்காலி நிறைஞ்சிருந்தா கடைவீதியைப் புதுப்பிக்க நிதி வரும்."

"நிறையலேன்னா?"

"தெரு வேலையை வெளியில கான்ட்ராக்ட் விட்டுடுவோம். உங்களுக்கு..."

தெரு வேலைக்கு ஊரில் இருந்ததே எமில் ஒருவன்தான். ஆலை மூடியபோது ஓய்வூதியமும் அதோடு போயிற்று. இதுவும் போனால் இடுப்புக்கு மாத்திரை வாங்கக்கூட வழியில்லை.

முதல் நாள் ஒருத்தரும் உட்காரவில்லை. ஒரு காரும் நிற்கவில்லை. அந்த ஊரில் ரோட்டுப் பனியை வாரிக் காருக்கு இடம் பண்ணினவன், அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் காரை எடுப்பான். அதை நகர்த்துகிறவன் டயருக்கு உத்தரவாதம் கிடையாது. ரோட்டில் நாற்காலி கிடந்தால், அது யாரோ பிடித்து வைத்த இடம்.

எதிரே முடிவெட்டும் கடை வைத்திருந்த கார்மென் கத்தியோடு வெளியே வந்தான். "டேய் எமில், யாருக்குடா இவ்வளவு இடம் பிடிச்சிருக்க? என் கஸ்டமரெல்லாம் வளர்ந்த முடியோடயே திரும்பிப் போறான்!"

"பிடிக்கலடா. இது உட்கார்றதுக்கு."

"ரோட்டுலயா? யாரோட நாற்காலி இது?"

எமில் ஒன்றைத் திருப்பிக் காட்டினான். முதுகில், சவ அடக்கம் நடத்தித் தரும் ஃபியூனரல் ஹோமின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. ஓசியில் அங்கேதான் கிடைத்தது.

கார்மென் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குரல் இறங்கிவிட்டது. "அடப்பாவி, பிணவண்டிக்கா இடம்? போனது யாருடா?"

"யாரும் போகலடா!"

"சரி சரி. சொல்ல மனசில்லேன்னா விடு."

மத்தியானத்துக்குள் ஊரே தெருமுனையில் நின்று விசாரித்தது. எமில் ரோட்டில் கோடு போடும் மஞ்சள் பெயின்டை எடுத்து நாற்காலிகளில் இருந்த பெயரையெல்லாம் அழித்தான்.

அது இன்னும் மோசம். பெயரில்லாத நாற்காலி என்றால் எவனோ இடம் பிடிக்கிறான் என்றுதானே அர்த்தம்? மாடியில் குடியிருந்த டோலோரஸ் தனக்கும் இடம் பிடிக்கச் சமையலறை நாற்காலிகளை இறக்கினாள். போதாததற்கு இஸ்திரி மேசையையும் போட்டாள். சர்ச்சுக்காரர்கள், சர்ச்சில் போடும் மீன் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கார்களுக்கு இடம் வேண்டுமென்று நீள பெஞ்சுகளைக் குறுக்கே போட்டார்கள். கார்மென் ஷாம்பூ நாற்காலியையே உருட்டிவந்தான்.

"எமிலு, என் இஸ்திரி மேசையைத் தொட்டுப் பாரு," என்றாள் டோலோரஸ். "உன் இடுப்பு மட்டுமில்ல, எல்லாம் ஒடியும்."

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஊரார் போட்டதையெல்லாம் அவனே நடைபாதைக்கு ஏற்றினான். ஒருத்தன் உட்கார்ந்தால் மற்றவனும் உட்காருவான் என்று ஒரு கணக்கு. அதிகாரி வருகிறாரே என்று இருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தான். துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு. உட்கார்ந்ததும் இடுப்பில் சுரீரென்றது. தலையைக் கையில் தாங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டோலோரஸ் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எமிலு... பெர்னிஸா?"

பெர்னிஸ் அவன் மனைவி. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். "ஆ..." என்று முனகல்தான் வந்தது.

"ஐயோ பாவம்," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில், துக்கவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற வழக்கப்படி, ஒரு முழுப் பன்றித்தொடை ஹாம் வந்தது. வால்நட் ரோல் வந்தது. முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ் தட்டுத் தட்டாக வந்தது. கார்மென் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். சர்ச்சுக்காரர்கள் இரண்டு வரிசை பிடித்தார்கள். இனி உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். எமில் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

மாநில அதிகாரி வந்து பார்த்து அசந்துபோனார். "குடியிருக்கிறவங்க, கடை, சர்ச்சு, எல்லாரும் ஒரே இடத்துல! எவ்வளவு அமைதி!" ப்ரூக்கின் கையைக் குலுக்கி, நிதி நிச்சயம் என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். ப்ரூக் அவர் பின்னாலேயே ஓடினாள்.

அப்போது முனையில் பெர்னிஸ் திரும்பினாள். கையில் மளிகைப் பை.

எமில் இடுப்பை மறந்து எழுந்து நின்றான். "கேளுங்கப்பா, அவ செத்துட்டான்னு நான் ஒரு வார்த்தை சொல்லல..."

யாரும் திடுக்கிடவில்லை. கார்மென் நகர்ந்து பெர்னிஸுக்கு இடம் விட்டான். டோலோரஸ் ஹாமை நறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"அவ அடுப்புலதானடா இந்த ஹாமே வெந்துச்சு, நகராட்சித் திட்டத்துக்கு உட்கார்ந்தோம்னு பேரெடுக்க இந்த ஊர்ல எவனுக்கும் மனசில்ல, உன் வேலையும் போகக்கூடாது, அதான் சாவுன்னு வச்சுக்கிட்டோம், ஆக ஊருக்கு நீ ஒரு சாவு பாக்கி."