அழற்சி இல்லாத நிறுவனம்

குடல் அழற்சியை அடியோடு ஒழித்த ஒரே ஆய்வு நிறுவனம் எங்களுடையது. நிர்வாக அலுவலர் என்ற முறையில் இதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஆய்வகக் கதவில் அலாரம் வைத்தது நான்தான்.

அந்நியரைத் தடுக்கத்தான் வைத்தோம். ஒரே அடையாள அட்டை அடிக்கடி கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும். காவலர்கள் ஓடி வருவார்கள். ஒருமுறை மாட்டிய அட்டையை அது மறக்காது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அடிக்கும். அத்தனை 'அறிவு'.

அந்நியர் யாரும் வரவில்லை. எங்கள் ஆய்வக உதவியாளர்தான் அகப்பட்டார். அவருக்கே குடல் அழற்சி. கழிப்பறையோ ஆய்வகக் கதவுக்கு அந்தப் பக்கம்.

"எங்க போறீங்கக்கா?" என்று கேட்டார் காவலர்.

"பாத்ரூமுக்கு."

"இப்பதானே போயிட்டு வந்தீங்க?"

"அத என் குடல்கிட்ட கேளுங்க தம்பி."

"அதுக்கு அட்டை இருக்கா?"

அலாரம் அடித்தால் அவருக்கு வயிறு கலங்கும். கலங்கினால் ஓடுவார். ஓடினால் அடிக்கும். இந்த 'ஒத்துழைப்பு' நாளுக்கு நாள் வளர்ந்தது. பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே காவலர்கள் இடுப்புப் பட்டையை இறுக்கினார்கள்.

அப்போதுதான் அவருடைய பணி நிரந்தரம் பரிசீலனைக்கு வந்தது. நிரந்தரம் ஆனால் வைத்தியச் செலவை நிறுவனம் ஏற்கும். ஆகாவிட்டால் வைத்தியமே இல்லை.

ஆய்வகத்திலேயே பரிசீலனைக் குழுவின் கூட்டம். இயக்குநர் உருக்கமாகத் தொடங்கினார்.

"நல்ல பாக்டீரியா காலங்காலமா குடல்ல குடியிருக்கு. நமக்கு உழைக்குது. உடம்போட காவல் படை அதைப் போய் அந்நியன்னு நெனச்சு சிக்னல் குடுக்குது. ஒரு செல் கத்தினா பத்து செல் ஓடி வருது. வந்து சொந்த வீட்டையே கொளுத்துது. என்ன மடத்தனம் பாருங்க."

உதவியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அலாரம் அடித்தது. காவலர்கள் பின்னால் ஓடினார்கள்.

"யாருய்யா அது?" என்றார் இயக்குநர்.

"நம்ம ஆள்தான் சார்," என்றேன்.

"நம்ம ஆளுக்கு எதுக்கு அடிக்குது?"

"அடிக்குதுன்னா காரணம் இருக்கும் சார்."

குழு தலையசைத்தது. அறிவியல்பூர்வமான விளக்கம்.

உதவியாளர் திரும்பி வந்தார். "சார், அந்த அலாரத்த மட்டும் நிறுத்துங்க. எனக்குப் பாதி சரியாயிடும்."

"அப்புறம் பாதுகாப்பு என்னம்மா ஆகறது?" இயக்குநர் மெய்யாகவே வருந்தினார். "உங்க மேல தப்பே இல்ல. இங்க உள்ள சூழ்நிலைக்கு நீங்க ஒத்துவரல, அவ்வளவுதான்."

"அப்ப ஆய்வுக்கு நான் குடுத்த மலமும் வேணாமா?"

"சேச்சே. அது நம்ம சொத்தும்மா."

மறுநாள் அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அன்று முதல் அலாரமும் அடிக்கவில்லை. எங்களிடம் இப்போது குடல் அழற்சி உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

ஆய்வு நிற்கவில்லை. அவருடைய மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை உறைபெட்டியில் தனித் தட்டில் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. சகல செலவும் நிறுவனத்துடையது.

அவற்றுக்குப் பணி நிரந்தரம் கொடுத்துவிட்டோம்.