பன்னிரண்டு கித்தார்களிலும் ஒரே பள்ளம்

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. கடல் கடந்து வந்திறங்கிய பன்னிரண்டு எலெக்ட்ரிக் கித்தார்களிலும், மேல்விளிம்பில், அதே இடத்தில், இரண்டு விரல் அகலத்திற்கு ஒரு பள்ளம் இருந்தது. புகழ்பெற்ற வாத்தியக்காரர் ஒருவரின் கையெழுத்தைப் பொன்னிறத்தில் பொறித்து, அதற்காகவே இருமடங்கு விலை வைத்து விற்கப்படும் கித்தார்கள் அவை. கையெழுத்தில் காட்டிய கவனத்தில் கால்பங்கை மரத்தில் காட்டக் கூடாதா?

இப்படிக் கொதித்தவர் கிடங்கின் பரிசோதகர். கித்தாரின் கழுத்து வளைந்திருக்கிறதா, தந்தி உயர்ந்து விரலை அறுக்கிறதா, எங்கேனும் இரைகிறதா என்று வாசித்துப் பார்த்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக ‘சரி’, ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி வருபவர்.

இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கித்தாரின் விளிம்பில் தாடையை அழுத்திக்கொள்வார். அதிர்வு எலும்பு வழியே ஏறி வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

அன்று காலை அந்தப் பள்ளத்தில் அவருடைய தாடை வழுக்காமல் உட்கார்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, ஆறாம் தந்தியின் கடைசி முனகல்வரை கேட்டது. கண்கூடக் கலங்கியது. ஆனாலும் கடமை தவறாதவர். துடைத்துக்கொண்டு, ‘பழுது’ என்றே எழுதினார்.

மேலாளர் அவருடைய மனைவியின் தம்பி.

"அத்தான், தாடையில என்ன செவசெவன்னு? சவரம் பண்றப்போ பார்த்துப் பண்ணக் கூடாதா?"

"பிளேடு மொக்கை, மாப்ளே."

"போன மாசம் நீங்க ‘சரி’ன்னு சீட்டு ஒட்டின கித்தார் குளவிக்கூடு மாதிரி இரையுதுன்னு திரும்பி வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அன்று மைத்துனர் எதிரிலேயே நின்றதால் தாடையை வைக்க முடியவில்லை.

"இன்னொண்ணு அப்படி வந்தா உங்களைக் காது டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. அதுல தேறலன்னா வாசல்ல உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். அக்கா என்னைத்தான் கிழிப்பா."

"காதை விடு. கண்ணு இருக்குல்ல? பன்னெண்டுலயும் பள்ளம்!"

"ஐயையோ! மத்தியானம் அந்த வாத்தியக்காரரே வர்றாரு, அத்தான். ஒண்ணையாவது ஒழுங்கு பண்ணி வைங்க!"

பரிசோதகர் பட்டி குழைத்து ஒரு கித்தாரின் பள்ளத்தை அடைத்தார். காய்ந்ததும் அது கருநீல உடம்பில் தேமல்போல வெளுத்து நின்றது. தேமலைப் போக்க உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்த வேகத்தில், பக்கத்திலிருந்த கையெழுத்தின் பின்பாதியும் போய்விட்டது.

"அத்தான், பாதிப் பேரைக் காணோமே!"

"மீதிப் பாதி இருக்குல்ல?"

"அவரு என்ன பாதியாவா வரப்போறாரு?"

பொன்னிற மை வந்தது. பரிசோதகர் காணாமற்போன பாதியை எழுதிச் சேர்த்தார். அவருடைய கையெழுத்து மணியானது, அதுவே வினையாயிற்று. முன்பாதி மழைக்கு ஓடும் கோழிபோலவும், பின்பாதி பள்ளிக்கூடச் சான்றிதழ்போலவும் இருந்தன. பொருத்தமாக இருக்கட்டும் என்று முன்பாதியையும் தேய்த்துவிட்டு முழுவதையும் தாமே எழுதினார். இப்போது அந்தக் கித்தாரில் பள்ளமும் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை.

மூன்று மணிக்கு வாத்தியக்காரர் தம் மனைவியுடன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பள்ளம் அடைத்த அந்தக் கித்தாரைத் தோளில் மாட்டினார், ஒரு தந்தியைத் தட்டினார், தலையைச் சாய்த்தார். தாடை வழுக்கியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழுக்கியது. தூக்கத்தில் தலையணையைத் தேடும் குழந்தையைப்போல விளிம்பு முழுவதும் தேடினார்.

மைத்துனருக்கு வியர்த்துவிட்டது. "நான் போய் டீ சொல்லிட்டு வர்றேன்" என்று நழுவினார்.

பரிசோதகர் கைகட்டி நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா. பள்ளமா இருந்துச்சு. நான்தான் அடைச்சேன். கையெழுத்தும் என்னோடதுதான்."

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. வரிசையிலிருந்து வேறொரு கித்தாரை எடுத்துக் கணவரின் தோளில் மாட்டினார். தாடை பள்ளத்தில் போய் அமர்ந்தது. வாத்தியக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையெழுத்து கிடக்கட்டுங்க, அதை யாரு வேணா போடலாம். பள்ளம் இவரே உளியால செதுக்கி, மாதிரிக் கித்தார் செஞ்சு கம்பெனிக்கு அனுப்பினது. அழகுக்குன்னு கம்பெனி நினைச்சுக்கிட்டிருக்கு" என்றார் அம்மாள்.

வாத்தியக்காரரின் தாடைக்கு அடியில் சிவப்பாக ஒரு தழும்பு இருந்தது. பரிசோதகரின் கை அவரையறியாமல் தம் தாடைக்குப் போயிற்று. அம்மாளின் பார்வையும் அங்கேயே போயிற்று. உதட்டசைவு நன்றாகத் தெரியும்படி அவர் பரிசோதகருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"இவருக்கு ரெண்டு காதும் போயி ஆறு வருஷம் ஆச்சு, வெளியில யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்போலேருந்துங்க?"

பரிசோதகர் பதில் சொன்னார். டீ வருவதற்குள் சொல்லி முடித்தும்விட்டார். அந்தக் கித்தார்களைப் பரிசோதிக்க அவரைத் தவிர வேறு யாரையும் வாத்தியக்காரர் இன்றுவரை விடுவதில்லை. ஏன் என்று மைத்துனருக்கு விளங்கவே இல்லை.

பரிசோதகர் தம் வீட்டில் தாமே சொல்லும்வரை, இதைப் படித்த நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இது வேண்டுகோள் அன்று.