மூன்று பேருக்கு விடை இல்லை

ஒரு காட்டில், மழைக்கு நான்கு மாதம் இருக்கும்போதே மழையை நினைத்துக் கவலைப்படத் தொடங்கிவிடும் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பெயர் வேலம்மா. கணவன் பழனியாண்டி, மகள் இளவஞ்சி. வளையில் மொத்தம் மூன்று பேர்.

இளவஞ்சி நுழைவுத் தேர்வுக்காகக் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். பயிற்சிப் புத்தகத்தில் நான்கு பாடங்கள். பல்லுறுப்புக் கோவை முடிந்துவிட்டது. இப்போது விகிதமுறு சார்பு, அதாவது ஒன்றை இன்னொன்றால் வகுக்கிற வகை. அதற்குப் பிறகு அடுக்குக்குறி, மடக்கை. வேலம்மாவுக்கு இதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“எத்தனை ஆச்சு?”

“நாப்பது.”

“எதிர் வளை முயல் பொண்ணு அறுபது போட்டுட்டாளாம்.”

“அவ பின்னாடி விடையப் பாத்து எழுதுறாம்மா.”

“நீயும் பாத்து எழுதேன். அறுபது வந்துடும்ல?”

அந்த வருஷம் கிழங்கு விளைச்சல் குறைவு. மழைக்காலத்தில் வெளியே போய்த் தோண்டவும் முடியாது. அதனால் இருக்கிற கிழங்கையெல்லாம் கிட்டங்கியில் சேர்த்து, வீட்டுக்கு வீடு பங்கிடுவது என்று முடிவானது. பங்கிடும் முறையைக் கிட்டங்கி இயக்குநர் ஆந்தையார் வகுத்துக் கொடுத்தார். காட்டில் சராசரிக் குடும்பம் மூன்று பேர். எனவே வீட்டில் உள்ள தலைகளை எண்ணி, அதில் மூன்றைக் கழித்து, மிச்சத்தால் பன்னிரண்டை வகுக்க வேண்டும். வருவது எத்தனையோ அத்தனை கூடை.

ஐந்து பேர் உள்ள மான் வீட்டுக்கு ஆறு கூடை கிடைத்தது. மாதாமாதம் இரட்டிப்பாகும் எலி வீட்டில், விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள் பங்கு ஒரே ஒரு கிழங்காகிவிட்டது. இரண்டே பேரான கொக்குத் தம்பதிக்குக் கழித்தல் பன்னிரண்டு வந்தது. அதாவது அவர்கள்தான் பன்னிரண்டு கூடை தர வேண்டும். அவர்கள் அன்றே பறந்துவிட்டார்கள்.

வேலம்மா வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைந்தாள். எழுத்தர் உடும்பார் கால்குலேட்டரைத் தட்டினார். ‘பிழை’ என்று வந்தது.

“மூணுல மூணு போனா பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்க முடியாது. உங்க குடும்பம் வரையறுக்கப்படலை.”

“அப்படின்னா?”

“இல்லைன்னு அர்த்தம்.”

“கிழங்கு இல்லையா?”

“நீங்களே இல்லை.”

“அப்போ ஒரு மணி நேரமா உங்க முன்னாடி நிக்கிறது யாரு சார்?”

“அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்தவங்க வாங்க.”

வேலம்மா வளைக்கு வந்து அழுதாள். மழைக்காலம் முழுக்க மூன்று வயிறு. இளவஞ்சி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இது எங்க புத்தகத்துல நாப்பத்தோராவது கணக்கும்மா. மூணுக்கு விடை கிடையாது. ஆனா மூணுக்குத் துளி மேல போனா, விடை மரத்துக்கு மேல போகும்.”

“துளி மேலன்னா? கால் ஆளைக் கூட்டிட்டு வரவா?”

அதற்கும் வழி இருந்தது. விதி பதினான்கு: வீட்டில் தங்கும் விருந்தாளிக்கு நாளொன்றுக்கு நூறில் ஒரு பங்கு தலை சேரும். நூறு நாள் ஆனால் முழுத் தலை. இரத்த உறவாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருவர் மட்டும். ஒரு நாள் தங்கினால் தலைக் கணக்கு மூன்றே நூறில் ஒன்று. பன்னிரண்டை நூறில் ஒன்றால் வகுத்தால் ஆயிரத்து இருநூறு கூடை.

இரத்த உறவு என்று ஒருவர்தான் இருந்தார். பழனியாண்டியின் அக்கா முத்துப்பேச்சி. இளவஞ்சியின் காதுகுத்தில் தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“ஒரு நாள்தானே,” என்றான் பழனியாண்டி.

“உங்க அக்காவோட ஒரு நாள், எனக்கு ஒரு வருஷம்,” என்றாள் வேலம்மா. ஆனால் ஆள் அனுப்பினாள்.

முத்துப்பேச்சி ஒரு மூட்டையோடு வந்தாள். வேலம்மா விண்ணப்பத்தோடு கிட்டங்கிக்கு ஓடினாள். உடும்பார் சரிபார்த்தார்.

“ஆயிரத்து இருநூறு. கணக்கு சரி. விருந்தாளிக் கணக்குன்னா இயக்குநர் முத்திரை வேணும்.”

“அவர் எங்கே?”

“தூங்குறார். அவர் ஆந்தை. ஆபீஸ் பகல்ல.”

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கும் அவர் ஆந்தைதான். அன்னன்னைக்குக் கணக்கு அன்னன்னைக்குத்தான் செல்லும். புதுசாப் போட்டுக் கொண்டாங்க.”

இரண்டாம் நாள் அறுநூறு. மூன்றாம் நாள் நானூறு. நான்காம் நாள் முந்நூறு. இளவஞ்சி தினமும் ஒரு கணக்குப் போட்டாள். பயிற்சி நன்றாக நடந்தது.

வேலம்மா கிட்டங்கியில் நின்றிருந்த ஒரு நாள், முத்துப்பேச்சி இளவஞ்சியைக் கூப்பிட்டாள்.

“நாலு வருஷமா கூப்பிடாதவங்க இப்ப எதுக்கும்மா கூப்பிட்டீங்க?”

நல்ல பிள்ளை. பொய் வராது. மண்ணில் கோடு கிழித்து விளக்கினாள். “இதான் மூணு, அத்தே. இந்த இடத்துல விடையே இல்லை. நீங்க இருக்கிறதாலதான் நாங்க இந்தப் பக்கம் நிக்கிறோம்.”

முத்துப்பேச்சி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ நான் போயிட்டா நீங்க இல்லை.”

“ஆமா அத்தே.”

முத்துப்பேச்சி மூட்டையை அவிழ்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக வளைக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு கிழங்கைச் சுட்டால் அவித்திருக்கலாமே என்பாள். அவித்தால் சுட்டிருக்கலாமே என்பாள். காற்று வரும் மூலை அவளுடையது. எழுபதாம் நாள் வேலம்மாவுக்குத் தாங்கவில்லை.

“உங்களுக்குன்னு ஒரு வளை இருக்குல்ல அண்ணி?”

“ஆத்தாடி! இதோ போறேன்,” என்று முத்துப்பேச்சி மூட்டையைத் தூக்கினாள். வாசலைத் தாண்டவும் செய்தாள்.

வேலம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். “போகாதீங்க அண்ணி! உங்க கால்ல விழறேன்!” ஒரு முள்ளம்பன்றியை இன்னொரு முள்ளம்பன்றி அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்தது அந்தக் காட்டில் அதுவே முதல் முறை. பழனியாண்டி சாயங்காலம் வரை முள் பிடுங்கினான்.

நூறாம் நாள் வானம் கறுத்து முதல் மழை இறங்கியது. இருட்டைப் பார்த்து இரவு என்று நினைத்து ஆந்தையார் கண் விழித்தார். கையில் கிடைத்த வேலம்மாவின் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். நான்கு தலை. பன்னிரண்டு கூடை.

கூடைகள் வளைக்கு வந்தன. முத்துப்பேச்சி ஆறு கூடையைத் தன் மூலைக்கு நகர்த்திக்கொண்டாள். ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தாள்.

“இளவஞ்சி, இப்ப நாம நாலு பேரு. அடுத்த வருஷமும் இதே கணக்குத்தானாமே?”

“ஆமா அத்தே.”

“நாலுல ஒண்ணு போனா மூணுதானே?”

வேலம்மா எழுந்து ஏழாவது கூடையையும் அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

நீதி: கணக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பழகுங்கள். விடையை மட்டும் நாத்தனாருக்குச் சொல்லாதீர்கள்.