எண்ணூறடியார் கப்பல் ஏறிய ஆடி மாதம்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பூமிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். பூமிக்கு மேலே என்ன நடக்கிறது என்பதில் அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவரை எண்ணூறடியார் என்போம். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்குமாம், நான் பார்த்ததில்லை.

படவேட்டுக்கு இந்தப் பக்கம், நான் வாத்தியாராக இருந்த ஊரில் அவர் போர்வெல் வண்டி வைத்திருந்தார். தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று யார் கேட்டாலும் பதில் "எண்ணூறு". ஆற்றங்கரையில் நின்று கேட்டாலும் எண்ணூறுதான். முன்கூட்டியே பயமுறுத்திவிட்டால் நானூறில் வரும்போது பார்ட்டி சந்தோஷப்படுவான் என்பது அவருடைய தொழில் தத்துவம். ஆனால் தண்ணீர் இல்லாத நிலத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார். "இங்க பாறை தாங்க. வேணாம், வுட்டுடுங்க" என்று சொல்லி, வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

தொழில் அவருக்குத் தலைக்கேறியிருந்தது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்து மல்லிகாவைப் பற்றி நண்பர்களிடம் அவர் சொன்ன முதல் தகவல், "அஞ்சேகால் அடி" என்பது. ஒருமுறை கணியம்பாடியில் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். நர்ஸ் மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. இவர் பொறுமையாக, "தப்பான பாயிண்ட்டும்மா. அந்தக் கையில போடு, அங்க ஓட்டம் நல்லா கீது" என்றாராம். அந்தக் கையில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் தலைகால் புரியாமல் நடந்தார்.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் கோமதி என் ஒன்பதாம் வகுப்பு. சின்னவன் பாலு, இரண்டாம் வகுப்பு. ஆறு வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் அவர்களுக்கு அவர் கொடுத்த வாக்குறுதி, "இந்த லீவுல எங்கனா இட்டுனு போறேன்". மே மாதத்தில்தான் ஊரில் கிணறெல்லாம் வற்றும். மே மாதத்தில்தான் வண்டிக்கு இருபத்து நாலு மணி நேரமும் வேலை. ஒரு வருஷம் காவலூரில் பெரிய தொலைநோக்கியைக் காட்டுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் போன் வந்தது. கார் ஒரு புன்செய்க் காட்டுக்குள் திரும்பியது. நட்சத்திரம் பார்க்கப் போன பிள்ளைகள் சாயங்காலம் வரை சேறு பீச்சுவதைப் பார்த்துவிட்டுத் தலை முழுக்க வெள்ளைத் தூசியோடு வீடு திரும்பினார்கள்.

அவருக்கு ஓய்வு கிடைப்பது ஆடி மாதத்தில்தான். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். போர் போட நினைக்கக்கூட மாட்டார்கள். அப்படியொரு ஆடிக்கு முன்தினம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், மெட்ராஸ்லேர்ந்து கப்பல் வுடறாங்களாம். விசாகப்பட்டினம் வரைக்கும் போய்ட்டு நாலு நாள்ல திரும்புதாம். பள்ளிக்கூடம் நடக்கற நாள்ல போனா பாதி டிக்கெட்டு."

"ஆளில்லாத நாள்ல பாதிதான் வாங்குவாங்க. பசங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே."

"அதான் சார். அடுத்த வர்சம் கோமதி பத்தாவது. அப்ப ஒரு நாளாவது லீவு குடுப்பீங்களா? அப்பால ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, காலேஜு, ஆஸ்டலு. இந்த ஆடிய வுட்டா நாங்க நாலு பேரும் சேந்து எங்கயும் போக முடியாது சார். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அந்தக் கணக்கில் எனக்கும் தப்பு தெரியவில்லை. லீவு லெட்டர் எழுதிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியையிடம் கொடுக்கச் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். அவர் உண்மையை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பள்ளியில் லீவு லெட்டரில் உண்மை எழுதும் வழக்கம் கிடையாது. என் வகுப்பில் ஒரே பையனுக்கு ஒரே வருஷத்தில் ஐந்து தாத்தா இறந்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் லீவு கொடுத்து வருத்தமும் தெரிவித்திருக்கிறோம். "மகள் கோமதி கப்பலில் செல்ல இருப்பதால்" என்று ஒரு கடிதம் வந்ததும் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் லீவு கொடுக்க முடியாதுங்க. இன்னைக்கு நீங்க போவீங்க. நாளைக்கு ஊரே கப்பல்ல போகும்."

ஊரில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அவர்களில் ஒருவராவது கப்பல் கேட்டு வரிசையில் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

"அப்ப இன்னாத்துக்குதான் மேடம் குடுப்பீங்க?"

"காய்ச்சல். சாவு. அம்மை."

"சாவுக்கு எத்தினி நாளு?"

"நெருங்கின சொந்தம்னா மூணு நாள்."

"அம்மைக்கு?"

"அது அம்மா இறங்கற வரைக்கும். அதுக்கு நாம கணக்குக் கேக்க முடியுங்களா?" என்று சொல்லி அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எண்ணூறடியாரும் போட்டுக்கொண்டார். பக்தியோடு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டுக்கு நிலையில் இரண்டு கொத்து சொருகினால் போதும். இவர் அரை மரத்தை வெட்டிக் கட்டியிருந்தார். கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இவ்வளவு இலை என்றால் உள்ளே எவ்வளவு முத்து போட்டிருக்கும் என்று தெரு கலங்கிப் போனது. அவர்கள் நாலு பேரும் விடிவதற்கு முன்பே பின்பக்கக் கரும்புத் தோட்டம் வழியாகப் போய் பஸ் ஏறியிருந்தார்கள். வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரிய வேண்டுமே என்று டிவியை ஓடவிட்டுப் போயிருந்தார் மகானுபாவர்.

கப்பல் விஷயம் தெரிந்தே நான் வருகைப் பதிவில் "அம்மை" என்று போட்டேன். அதைப் போனிலும் ஏற்ற வேண்டும். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்று, ஊருக்கே உயரமான இடத்திலிருந்து அந்தப் பொய்யை அனுப்பினேன்.

ஆடி மாதத்தில் அம்மை என்றால் சும்மா இல்லை. அம்மனே தெருவுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அடுத்த நாளே தெருவில் தாளிப்பது நின்றது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. கறி கிடையாது, மீன் கிடையாது. டைலர் வீட்டில் ஆவணிக்குக் குறித்திருந்த பெண்ணின் நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்தார்கள். அம்மை வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் எல்லோரும் ஓசைப்படாமல் வந்து இளநீரை வைத்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை நான் எண்ணியபோது முப்பத்தேழு இளநீர் இருந்தது. கூழ் மூன்று குண்டான். அதில் ஒன்று பொங்க ஆரம்பித்திருந்தது.

அன்று மாலை தலைமை ஆசிரியையே வந்தார். செருப்பைத் தெருமுனையில் கழற்றிவிட்டு, கையில் மஞ்சளும் வேப்பிலையுமாக நடந்து வந்தார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். உள்ளே சீரியலில் ஒரு மாமியார் மருமகளை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பாவம், குழந்தைங்க படுத்த வாக்கிலேயே பாக்குதுங்க போல" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான்தான் அவர் மனசைக் கஷ்டப்படுத்திட்டேன் சார். கப்பல்ல போறேன்னு ஆசையா வந்தார். ஆத்தா பாருங்க, படுக்க வெச்சுட்டா."

நான் முப்பத்தெட்டாவது இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 

அந்த நேரத்தில் வங்காள விரிகுடாவில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவர் மனைவி மல்லிகா சொல்லித்தான் தெரியும். கப்பலில் நீச்சல் குளம், லிஃப்ட்டு, மூன்று வேளை விருந்து, எதுவும் எண்ணூறடியாரை அசைக்கவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பந்தி ஒருவரை நிறுத்தி, "கீழ எத்தினி அடி?" என்று கேட்டிருக்கிறார். ஒன்பதாயிரம் அடி இருக்கும் என்றாராம் அவர். "அத்தினியும் தண்ணியா? நடுவுல பாறையே கெடையாதா?" கிடையாது என்று தெரிந்ததும் மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பைப்புகூட இறக்காமல் இவ்வளவு தண்ணீர் கிடப்பது தொழிலுக்கே அவமானம் என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யாரோடும் பேசவில்லையாம். பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சமாதானம் செய்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கப்பல் சென்னைக்குத் திரும்பியதும் மல்லிகாவின் போனுக்கு உயிர் வந்தது. முதல் அழைப்பே எங்கள் தெருப் பூக்கார அக்கா.

"மல்லிகா, நாளைக்கு ஆடி வெள்ளி. அம்மைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்த இதவுட நல்ல நாள் வராது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல அண்டாவ வெச்சிட்டோம். புள்ளைங்கள எழுப்பி மட்டும் உடு."

மல்லிகா பதறிப் போய், "சரிங்க்கா" என்றுவிட்டாள்.

விடியும் நேரத்தில் கரும்புத் தோட்டம் வழியாக வந்து பின்கதவால் நுழைந்து, ஏழு மணிக்கு முன்கதவைத் திறந்தார்கள். வாசலில் மொத்தத் தெருவும் நின்றது. தலைமை ஆசிரியை முன்வரிசையில் இருந்தார். நாலு நாள் கடல் வெயிலில் பிள்ளைகள் கருத்து, மூக்கில் தோல் உரிந்து நின்றார்கள். "பாருங்க, ஆத்தா எறங்கின தடம்" என்று ஒரு அம்மாள் விசும்பினார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் வேப்ப இலையைப் பார்த்தேன்.

பாலுவை மணையில் உட்கார வைத்து முதல் சொம்பை ஊற்றினார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பையன் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"தண்ணி. நாலு பக்கமும் தண்ணி. கரையே காணோம். எல்லாம் ஆடுது."

சொம்பு ஊற்றிய கை அப்படியே நின்றது. பூக்கார அக்கா கை கூப்பினார்.

"ஆத்தா, எங்க தாயே கீது அந்தத் தண்ணி?"

ஏழு வயசுப் பிள்ளை. கேட்டால் பதில் சொல்லும். சென்னை இருக்கும் கிழக்குப் பக்கம் கையை நீட்டினான். தெருவுக்குக் கிழக்கே ஏழுமலையின் நிலம் இருக்கிறது. நாலு தடவை போர் போட்டு நாலும் காய்ந்துபோன நிலம். அதில் இரண்டு நம்மவரே போட்டு, இனிமேல் போடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தது. ஏழுமலை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் நெலம் தான். ஆத்தாவே சொல்லிட்டா. ரெண்டு மாட்டையும் வித்துடறேன். ஆடி முடிஞ்ச அன்னிக்கே வண்டிய வுடு."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் விபூதி பூசிக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள். நான் அதைத்தான் கண்ணால் ஜாடை காட்டினேன். எண்ணூறடியார் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையனின் தலையைத் துவட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏழுமல, மாட்ட விக்காத. அங்க தண்ணி கெடையாது. பையன் சொன்னது கடலு."

"இன்னா?"

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க கப்பல்ல போய்ட்டு வந்தோம்."

 உள்ளே டிவி மட்டும் சோப்பு விற்றுக்கொண்டிருந்தது. முதலில் வாயைத் திறந்தது டைலர் மனைவி.

"அப்ப நாலு நாளா நான் தாளிக்காம கொழம்பு வெச்சது? எம் பொண்ணு நிச்சயதார்த்தம்?"

பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவரவர் வைத்த இளநீரை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். புளித்த கூழுக்கு மட்டும் யாரும் உரிமை கோரவில்லை. தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பதினோரு மணிக்கு எனக்கு மெமோ வந்துவிட்டது. பொய்க் காரணத்துக்கு லீவு போட்டது ஏன் என்று விளக்கம் தர வேண்டும். அதே கேள்வி எண்ணூறடியாருக்கும் போனது.

அவர் நோட்டில் கிழித்த ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான்தான் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன், அதனால் படித்தேன். "ஐயா அம்மா அவர்களுக்கு. பள்ளிக்கூட லீவில் நான் ஊரார் நிலத்தில் தண்ணி தேடுகிறேன். என் லீவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். பொய் சொன்னது தப்பு. போனது தப்பு இல்லை."

அந்த அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கோமதியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து நின்றாள்.

"கப்பல்ல வாந்தி வருமா?" என்று கேட்டார்.

"மொத நாளு மட்டும் மேடம்."

"சரி, போ."

அதோடு முடிந்தது. தெருவில் ஆறு மாதம் அவரோடு யாரும் பேசவில்லை. ஏழுமலை மட்டும் பேசினார். அவருடைய மாடு இரண்டும் இப்போதும் கறக்கின்றன.

அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. அடுத்த வருஷம் கோமதிக்குப் பத்தாவது, அப்புறம் சிறப்பு வகுப்பு, அப்புறம் கோயம்புத்தூரில் நர்ஸிங், ஆஸ்டல். இப்போது பாலுவுக்கும் விடியற்காலையில் டியூஷன். நாலு பேரும் சேர்ந்து போனது அந்த ஒரு தடவைதான், இன்றுவரை. போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது அவரே சொன்னார், "நல்ல வேள சார், அன்னிக்கே போய்ட்டோம்." சொல்லிவிட்டு டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மெமோவுக்கு நான் இன்னும் விளக்கம் எழுதவில்லை. கட்டாயம் எழுதியாக வேண்டும் என்றால், இன்றைக்கும் "அம்மை" என்றுதான் எழுதுவேன்.