நடுச்சுவரை உடைத்த ஐம்பது பேர்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம்; என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "விழாவுக்கு நான் வர மாட்டேண்ணே" என்று போனை வைத்துவிட்டாய். கோபம் நியாயம்தான். ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கோபப்படு. இன்னும் நன்றாகக் கோபப்படலாம்.

நம் உயர்நிலைப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு, பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கத் தொடங்கிய அந்தப் பத்து வருட வரலாற்றை எழுதச் சொல்லி என்னைப் பிடித்தார்கள். காலமெல்லாம் வரலாறு நடத்தியவனுக்கு இது ஒரு வேலையா என்று தலையாட்டினேன். மறுநாளிலிருந்து வாசலில் கூட்டம். பையன்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த நடுச்சுவரைத் தானே உடைத்ததாகச் சொல்ல ஆளாளுக்கு வருகிறார்கள். வக்கீல் தோளால் இடித்தாராம். சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார், அது தடுப்பூசித் தழும்பு. பல் டாக்டர் கடப்பாரையோடு வந்தாராம். அவர் அப்போது மூன்றாம் வகுப்பு, அதுவும் வேறு பள்ளியில். பழைய தலைமையாசிரியரின் மகன், "எங்கப்பாதான் சார் லாரியையே வரவழைச்சாரு" என்கிறார். அது மட்டும் சத்தியமான உண்மை. பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சுவரை இன்னும் உயர்த்தச் செங்கல் லாரியை வரவழைத்தார், ஓரமாக நின்று "வா, வா, இன்னும் வா" என்று அவரே கைகாட்டினார், லாரியும் சொன்ன பேச்சைத் தட்டாமல் பின்னால் வந்து சுவரைச் சாய்த்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே பனம்பழம் ஒன்று, காக்கை ஐம்பது.

அது போகட்டும், சுவர் விழுந்ததா வரலாறு? திங்கட்கிழமையே திரும்பக் கட்டுவதாகத்தானே நிர்வாகம் சொன்னது! நீயும் உன் வகுப்புப் பெண்களும் ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, செங்கல் குவியலில் ஏறி இறங்கி, எங்கள் பக்கத்து வேதியியல் கூடத்தில் போய் உட்கார்ந்தீர்களே, அதல்லவா வரலாறு! உங்கள் பக்கம் தையல் மெஷினை விட்டால் வேறென்ன இருந்தது? தலைமையாசிரியர் போட்ட கத்தலில் கண்ணாடிக் குழாய்கள் நடுங்கின. நீ எழுந்து நின்று, மரியாதை குறையாமல், "சுவரைக் கட்டுறதுன்னா கட்டிக்குங்க சார், நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்" என்றாய். ஒரு வாரம் உங்களை அசைக்க முடியவில்லை. பிறகு சுவர்ப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்த நான், பக்கத்தில் நின்றவனிடமெல்லாம் "என் தங்கச்சிடா" என்று சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுத் தலைவர் யார் தெரியுமா? "சார், பொண்ணுங்க வந்து உக்காந்துட்டாங்க சார்" என்று அன்றைக்குப் போட்டுக் கொடுக்க ஓடினானே, நம் கோள்மூட்டி, அவன்தான். இப்போது கட்டட ஒப்பந்தக்காரர், ஆகையால் "அவர்". "வரலாத்துல லாரி வந்தா நல்லாவா இருக்கும்ணே? உக்காந்திருந்ததைப் போயி புரட்சின்னு எழுத முடியுமா?" என்றார். மலரில் வந்திருப்பது இது: "வீரர்கள் சுவரைத் தகர்க்க, மாணவிகள் கைதட்டி ஊக்குவித்தனர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர்கள் பூசணிக்காயைக் கைதட்டவும் வைத்துவிட்டார்கள்.

அதனால் நீ கட்டாயம் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் உனக்கு இரண்டு நிமிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். நடந்ததைச் சொல், போதும். மலரில் என்ன பொய் எழுதினால் என்ன, நீங்கள் செய்ததை யாரால் அழிக்க முடியும்? போன சுவர் திரும்பியா வரப்போகிறது?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்திக்கு முத்தங்கள். நோய் நொடி அண்டாமல் எல்லாரும் நூறு வயது இருங்கள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். சுவரைத் தகர்த்த வீரர்களின் நினைவாக அதே இடத்தில் ஒரு நினைவுச் சுவர் எழுப்புகிறார்களாம். ஒப்பந்தம் கோள்மூட்டிக்கே. ஐம்பது பெயரையும் பொறிக்க இடம் போதாதென்று பழைய சுவரைவிட உயரம் அதிகம். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, பெண் பிள்ளைகள் நேற்றிலிருந்து தெருவைச் சுற்றித்தான் வேதியியல் கூடத்துக்குப் போகிறார்கள். மேடையை மறந்துவிடு. உன் பழைய தோழிகளைத் திரட்டிக்கொண்டு உடனே புறப்படு. உன் அண்ணி காலையிலேயே போய் அஸ்திவாரக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன்.