நரி வைத்த இரண்டு கொட்டாங்கச்சிகள்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஆறு வெறும் மணலாகிவிடும். அந்த மணலில் எங்கே தோண்டினால் ஊற்று வரும் என்பது பெரியநாச்சி என்ற யானைக்கு மட்டும்தான் தெரியும். தன் குட்டிகள் தாகத்தில் துவண்டு கிடப்பதைப் பொறுக்க முடியாமல் வீராயி என்ற காட்டுப்பன்றி அதனிடம் போய்க் கேட்டது. யானையும் மறைக்காமல் கற்றுக் கொடுத்தது. பன்றி மூக்கால் கிளறிய இடத்தில் தண்ணீர் கசிந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிய விடுவார்களா? விஷயம் சிங்கத்துக்கு எட்டியது. "தொழில்நுட்பம் கைமாறியிருக்கிறது. மதிப்பீடு முடியும்வரை புது ஊற்றில் யாரும் வாய் வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டது. மதிப்பிட நரி வந்தது.

நரி இரண்டு கொட்டாங்கச்சிகளை வைத்து, ஒன்றில் தண்ணீர் மொண்டு மற்றதில் ஊற்றியது.

"இதாம்மா மாடல். இது நிறைஞ்சா அது காலியாகணும். வித்தை உங்கிட்ட வந்துடுச்சு, சரி. யானைகிட்டயும் அப்படியே இருக்கே, அப்புறம் எப்படி கைமாறினதாகும்?" என்று கேட்டுவிட்டு, மாடல் வீணாகக் கூடாதென்று அந்தத் தண்ணீரைக் குடித்தது.

வீராயி யானையிடம் ஓடியது. "அக்கா, புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. கொஞ்சம் மறந்துடுங்களேன்."

பெரியநாச்சிக்கு மனசு இளகிவிட்டது. ஈர மணல் மேலேயே நின்றுகொண்டு, "தண்ணியா? எனக்கொண்ணும் தெரியாதுங்க சார்" என்றது. நரி தேர்ச்சி கொடுத்தது. குட்டிகள் முண்டியடித்துக் குடித்தன.

மறந்ததாகச் சொன்ன யானையால் தோண்ட முடியுமா? அதற்குத் தாகம் எடுத்தது. உடனே நரி, பன்றியிடமிருந்து யானைக்கு மாற்றும் இரண்டாம் கட்டத்தை அறிவித்தது. இப்போது பன்றி மறக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் மறுபடி யானை. தோண்டுவதையும் மறப்பதையும் நரி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் குறை சொன்னது. மறந்ததாக நடித்து நடித்து, கடைசியில் இரண்டுக்குமே நிஜமாகவே மறந்துபோயிற்று.

"ரெண்டு கொட்டாங்கச்சியும் சமம். திட்டம் முழு வெற்றி" என்றது நரி.

பிறகு நாலடி தள்ளிப் போய், முன்னங்காலால் மணலைப் பறித்து, வந்த ஊற்றில் வயிறாரக் குடித்தது. வீராயி குட்டிகளோடு அங்கே போய் நின்றது.

"சார், எங்களுக்கும் சொல்லிக் குடுங்க சார்."

"சொல்லித் தரலாம்மா" என்றது நரி, வாயைத் துடைத்தபடி. "அப்புறம் நான் மறக்கணுமே."

நீதி: வித்தை வேண்டுமென்றால் கற்றுக்கொள்ளப் போகாதே, மதிப்பிடப் போ.