விலா எலும்புக்கு ஒரு மாத்திரை

அன்பு மைத்துனர் பாஸ்குவால் அவர்களுக்கு,

ரொசாரியோவிலிருந்து நிக்கானோர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை எல்விராவும் நாயும் நலம். நான் நலமாகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள் மிலாக்ரோசின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் இறைச்சி சுடும் பொறுப்பை உங்கள் மருமகன் ரூபெனிடம் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வயிறு எரிகிறது. கேஸ் அடுப்பில் சுடுகிறவனிடமா? கரி பற்றவைக்கத் தெரியுமா அவனுக்கு? போன ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் இறைச்சி சுட்ட எனக்காகக் கைதட்டியபோது நான் எழுந்திருக்கவில்லை, உண்மைதான். "மாமா ராஜா மாதிரி உக்காந்தே வாங்கிக்கிறாரு பாருங்க!" என்று அவன் சிரித்தான். தொடை இரண்டும் ரணமாய் வலித்தது எனக்கல்லவா தெரியும். நீங்கள் பாவம், இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள எல்விரா செய்த சிமிச்சூரித் துவையலைப் புகழ்ந்து, மிச்சத்தைப் பாட்டிலோடு வாங்கிப்போவதிலேயே குறியாக இருந்தீர்கள்.

விஷயம் இதுதான். ரத்தக் கொழுப்புக்கு டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். இறைச்சி சுடாத ஞாயிறு எங்கள் தெருவில் கிடையாது. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்: விலா எலும்புக்கு ஒன்று கூடுதல், ரத்த சாஸேஜுக்கு இன்னொன்று. தின்றதற்கு உடனே பரிகாரம். திங்கட்கிழமை சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனது, பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடினது எல்விரா, நான் தவழ்ந்தேன்.

"கொழுப்பக் கரைக்கிறேன்னு சதையவே கரைச்சு வச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்!" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். மாத்திரையை நிறுத்தி, நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். இப்போது சிறுநீர் தெளிந்துவிட்டது. மாடிப்படி ஏறுகிறேன். விருந்து நாள் வருவதற்குள் நின்று சுடும் அளவுக்குத் தேறிவிடுவேன் என்று அவரே சொல்லிவிட்டார். குற்றம் முழுக்க என்னுடையது. இனி என் இஷ்டத்துக்கு ஒரு மாத்திரைகூடத் தொடமாட்டேன். நெருப்பை மட்டும் என்னிடம் விடுங்கள், மச்சான்.

மிலாக்ரோசுக்கு மாமாவின் முத்தங்கள். எல்லோருக்கும் கடவுள் நல்ல பசியும் நல்ல காலும் கொடுக்கட்டும்.

உங்கள்
நிக்கானோர்

பி.கு.: எல்விரா இதைப் படித்துவிட்டு அழுகிறாள். மாத்திரை வேகமாகத் தீருவதைப் பார்த்து, நான் அதை நாய்க்குப் போடுகிறேன் என்று நினைத்து, எனக்குத் தெரியாமல் ஒரு அட்டை முழுவதையும் பொடித்து அந்தத் துவையலில் கலந்தாளாம். பாட்டிலைக் கொட்டிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். உங்கள் தொடை எப்படி இருக்கிறது, மச்சான்? ரூபெனும் தொட்டுத் தின்றானா?